முதலில் விழப் பழக்குங்கள்

(குழந்தைகளுக்கான ஸ்கேட்டிங் வகுப்பு தொடங்குவது குறித்து நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் பற்றிய பேச்சு, அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வளாகத்தில் ஸ்கேட்டிங் வகுப்பு வேண்டுமா, வேண்டாமா என்று மூன்று வாரமாக வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கார் வந்து போகிற இடம், காலை நேரத்தில் சத்தம், அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி. ஆனால் வகுப்பு இல்லாத இன்றைக்கும் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு பேஸ்மென்ட் சாய்தளத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். தலையில் ஹெல்மெட் கிடையாது, சொல்லித்தர ஆள் கிடையாது. கீழிருந்து ஏறி வருகிற காரில் இருப்பவருக்கு அந்தப் பிள்ளை கண்ணில் படவும் வழியில்லை. இதை அப்படியே விடப்போகிறோமா என்பதுதான் என் கேள்வி.

நான் பிசியோதெரபிஸ்ட் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கோடை விடுமுறை வந்தால் மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்த பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எப்படி விழுந்தாய் என்று கேட்டால், எல்லோரும் ஒரே மாதிரிதான் காட்டுவார்கள்: இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து. தடுமாறும்போது கையை நீட்டுவது உடம்பின் இயல்பு. முழு எடையும் அந்தச் சின்ன மணிக்கட்டில் இறங்குகிறது. அதனால்தான் நல்ல பயிற்சியாளர் முதல் வகுப்பில் ஓட்டச் சொல்லித்தர மாட்டார். விழச் சொல்லித்தருவார். தடுமாறினால் உடனே முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும், கையை முஷ்டியாக மூடிக்கொள்ள வேண்டும், முழங்கால் பேட் மீதோ பக்கவாட்டில் இடுப்பின் சதைப்பகுதி மீதோ இறங்க வேண்டும். எழும்போது முதலில் மண்டியிட்டு, ஒரு காலை ஊன்றி, அந்தத் தொடையில் கைவைத்து எழ வேண்டும். இதைப் பத்து இருபது முறை செய்த பிள்ளைக்குப் பயம் போய்விடும். பயம் போன பிள்ளை விறைத்து நிற்காது, விறைத்து நிற்காத பிள்ளை அவ்வளவாக விழவும் விழாது.

அடுத்தது நிறுத்துவது. 1760களில் லண்டனில் ஜோசப் மெர்லின் என்பவர் சக்கரக் காலணி செய்து மாட்டிக்கொண்டு, ஒரு விருந்தில் வயலின் வாசித்தபடியே உருண்டு வந்து, நிறுத்தத் தெரியாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் போய் மோதினார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம் சாய்தளத்தில் கண்ணாடிக்குப் பதில் கார் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பின்காலைக் குறுக்கே வைத்து இழுத்து நிறுத்துவது, இரண்டு குதிகாலையும் அகட்டி, முன்பாதங்களை உள்பக்கம் திருப்பி நிறுத்துவது, இந்த இரண்டும் கைவரும்வரை வேகம் என்ற பேச்சே இருக்கக் கூடாது.

தொலைக்காட்சியில் பனித்தரையில் சுழல்கிற ஃபிகர் ஸ்கேட்டிங்கைப் பார்த்துவிட்டு, "எனக்கு அதுதான் வேண்டும்" என்று சில பெண் குழந்தைகள் கேட்பதாக அம்மாக்கள் சொன்னார்கள். கேட்கட்டும். பனித்தரைக்கு நாம் எங்கே போவது? ஆனால் அதையே சக்கரத்தில் செய்கிற ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்ற போட்டி இருக்கிறது. ஒற்றைக்காலில் சறுக்குவது, தரையில் வரைந்த வட்டத்தின் மேலேயே போவது, சுழல்வது, தாவுவது எல்லாம் அதில் உண்டு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டின் அனூப் குமார் யாமா அதில் வெண்கலம் வென்றார். வேகப் பந்தயத்திலோ நம் சென்னைப் பிள்ளை ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் உலகச் சாம்பியன். கலையோ வேகமோ, முதல் ஆறு மாதப் பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். எதில் போவது என்று அதற்குப் பிறகு பிள்ளையே சொல்லட்டும்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டிரண்டாக நான்கு சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட்டில் தொடங்கினால் நிற்பது சுலபம். முன்னால் ரப்பர் ஸ்டாப்பர் இருக்கும். ஒரே வரிசைச் சக்கரம் உள்ள இன்லைன் பிறகு வரட்டும். வளரும் காலாயிற்றே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். உள்ளே கால் ஆடினால் கணுக்கால் சாயும், பிள்ளைக்கு வராதது போலத் தெரியும். அளவைக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைக்கிறது, அது போதும். பிளாஸ்டிக் சக்கரம் வேண்டாம், சிமென்ட் தரையில் வழுக்கும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ஸ்கேட்டில் மிச்சம் பிடியுங்கள், ஹெல்மெட்டிலும் ரிஸ்ட் கார்டிலும் பிடிக்காதீர்கள். அக்காவின் ஸ்கேட் தம்பிக்கு வரும். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பயிற்சியாளரைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். இரண்டு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை கீழே விழுந்தால் அவர் அதட்டுகிறாரா, எழச் சொல்லித்தருகிறாரா? ஒருவரே முப்பது பிள்ளைகளை மேய்க்கிறாரா? பத்தாவது வகுப்பிலேயே விலை உயர்ந்த ஷூ வாங்கச் சொல்கிறாரா? இன்னொன்றும் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது, வரிசையாக நிறுத்திய கார்களுக்கு அடியில் படுத்த மாதிரி போவது, இத்தனை மணி நேரம் நிறுத்தாமல் சுற்றுவது என்று 'சாதனை' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் பதக்கம், எல்லோருக்கும் சான்றிதழ். என் கருத்தில் அது விளையாட்டே இல்லை. வளர்கிற முழங்காலுக்கும் முதுகுக்கும் அதனால் ஒரு நன்மையும் கிடையாது. உண்மையாகவே போட்டிக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு மாவட்ட சங்கம், மாநில சங்கம் என்று முறையான வழி இருக்கிறது.

நம் இடத்துக்கு வருகிறேன். முன்வாசல் பேவர் பிளாக் தரை உதவாது, இடுக்கில் சக்கரம் சிக்கும். மொட்டைமாடி கூடவே கூடாது. கைப்பிடிச் சுவரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, தளஓடும் தாங்காது. பி பிளாக்குக்குக் கீழே உள்ள விசிட்டர் பார்க்கிங்தான் சரியான இடம். வழவழப்பான சிமென்ட் தரை, மேலே கூரை, சாய்தளத்திலிருந்து தள்ளியும் இருக்கிறது. சனி, ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை அங்கே கார் நிறுத்தாமல் இருந்தால் போதும். வாட்ச்மேன் அண்ணன் ஆறே முக்காலுக்கு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுவிடுவார். அவரிடம் பேசிவிட்டேன். சங்கிலி போட்டபின் "ஒரே ஒரு நிமிஷம்" என்று யாரும் கார் எடுக்கக் கூடாது, கமிட்டி உறுப்பினர்களும் சேர்த்துத்தான். மேலே முதல் மாடியில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கும், மறைக்க விரும்பவில்லை. அங்கே இருக்கும் மூன்று வீட்டாரிடமும் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாவது வீட்டு மாமா இரவுப் பணி முடிந்து வந்து தூங்குபவர், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் சம்மதிக்காவிட்டால் நேரத்தை மாலைக்கு மாற்றலாம் என்பது என் யோசனை.

சாய்தளத்தில் ஸ்கேட்டிங் தடை என்ற பலகையை, வகுப்பு வந்தாலும் வராவிட்டாலும், இந்த வாரமே வைத்துவிடும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையைச் சேர்க்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் வயது, காலணி அளவு இரண்டையும் எழுதிக் கொடுங்கள். இப்போது எதிர்ப்பு இருப்பவர்கள் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.