பழைய கணிப்பொறியும் சிறிய பெட்டியும்



வெள்ளி விழாக் காணும் இந்நாளில், நம் இளைஞர்க்கு உடனே பயன்படும் ஒரு செய்தியைக் கூற விழைகிறோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பெரிய கணிப்பொறி பல வீடுகளில் தூசி படிந்து மூலையை அடைத்துக் கிடக்கிறது. அதனை எடைக்குப் போடுவதா? அல்லது குறைந்த செலவில் சிறிய பெட்டிக்கு மாற்றி, படிக்கும் பிள்ளைக்கு அளிப்பதா? இதுவே நம் முன் நிற்கும் வினா.

முதற்கண், அழகிய கேபினட்டைக் கண்டு மயங்கிப் பணத்தை நீட்டாதீர்கள். உள்ளிருக்கும் மதர்போர்டை அளந்து பாருங்கள். ஏ.டி.எக்ஸ். போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244, மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170. பெரிய பெட்டியில் சிறிய போர்டு பொருந்தும். சிறிய பெட்டியில் பெரிய போர்டு ஒருபோதும் பொருந்தாது.

2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐ5 பிராசசரும், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டும், டி.டி.ஆர்.3 ரேமும் உள்ள கணிப்பொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மினி ஐ.டி.எக்ஸ். பெட்டிதான் வேண்டுமென்றால் போர்டை மாற்ற வேண்டும். இன்றைய புதிய போர்டுகளோ அந்தப் பிராசசரையும் ஏற்கா, அந்த ரேமையும் ஏற்கா. பெட்டிக்கு ஆசைப்பட்டு முழுக் கணிப்பொறியின் விலையைக் கொடுக்க நேரும். ஆதலின் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவிலேயே குட்டையான கேபினட்டைத் தேடுவது அறிவுடைமை. பழைய எஸ்.எம்.பி.எஸ். அதில் அடங்குமா, பிராசசரின் மேலுள்ள விசிறியின் உயரத்திற்கு இடம் உண்டா என்பதையும் அளந்தறிக. சிறிய பெட்டியில் வெப்பம் விரைவில் தேங்கும்; காற்று உட்புகவும் வெளியேறவும் வழி இருத்தல் வேண்டும்.

அலுவலகங்களில் இருந்து கழித்துவிடப்பட்ட சில கணிப்பொறிகளில் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் தனிவகை இணைப்புகள் கொண்டவை. அவை பொதுவான பெட்டிகளுக்கு ஒத்துவரா. அத்தகையவற்றை அதே பெட்டியில் விட்டுவிடுவதே நன்று.

அடுத்து, பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது? பெட்டி இடத்தைக் குறைக்குமேயன்றி வேகத்தைக் கூட்டாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கை நீக்கி, 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பழைய பொறியும் சுறுசுறுப்படையும். ரேம் 4 ஜி.பி. மட்டுமே இருப்பின் 8 ஜி.பி. ஆக்குக. சென்னை ரிச்சித் தெரு போன்ற இடங்களில் பழைய டி.டி.ஆர்.3 ரேமைத் தேடலாம். கடையிலேயே சோதித்து வாங்குக. இவ்விரண்டிற்கும் பின்னரே பெட்டிக்குப் பணம் ஒதுக்குக.

வேலையைத் தொடங்குமுன் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, உலோகச் சட்டத்தைத் தொட்ட பின்னரே உள்ளே கை வையுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்திற்கு நேரே பித்தளைத் தாங்கி இருந்தால் கழற்றிவிடுங்கள். அது பின்புறத்தில் பட்டால் போர்டு பழுதாகும். விசிறியைக் கழற்றினால் பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இடுக. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள்; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. நாம் எடுத்துக்காட்டிய பிராசசரோ விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. அதற்காக மனம் தளர வேண்டா. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழில் தட்டச்சிடவும், விண்ணப்பம் எழுதவும், இணைய வகுப்பில் பயிலவும் அவை போதும்.

இளந்தோழர்களே! இதில் மிஞ்சும் பணம் ஓர் ஏழைத் தாயின் பல நாள் கூலி. அதனினும் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. பொறியைப் பயன்படுத்துவோராய் மட்டும் நில்லாமல், அதனைத் திறந்து, அறிந்து, சீர்செய்வோராய் நாம் உயர்கிறோம். அவ்வறிவு எவருடைய தனியுடைமையும் அன்று. ஒருவர் கற்றால் பத்துப் பேருக்குக் கற்பியுங்கள்.