இருதயப் பலவீனமும் ஒரு தராசும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு நினைவாக வைத்தியசாலைக்கு ஒரு பெரிய இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், மலையகத்து வைத்தியசாலை விடுதிகளில் நீண்டகாலம் தாதியாக வேலை செய்தவள் நான். அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவிடுங்கள் என்று கேட்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் விடுதிகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்களில் இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் பலர். 'செயலிழப்பு' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கேட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டார் அழத் தொடங்கிவிடுவார்கள். இதயம் நிற்கவில்லை, இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது. அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது. கால் வீங்கும், படியேறினால் இளைக்கும், இரவில் படுக்க முடியாமல் எழும்பி உட்கார வேண்டிவரும். மாரடைப்பு வந்தவர்களுக்கும், நெடுங்காலம் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது வரலாம். சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதான இளம் பெண்களையும் பார்த்திருக்கிறேன். நெருக்கமான லயன் அறைகளில் ஒரு பிள்ளையின் தொண்டைப்புண் மற்றப் பிள்ளைக்கு இலகுவாகத் தொற்றும். வாதக்காய்ச்சல் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்படி ஒருவர் மூச்சு முட்டி வந்தால் கட்டில், ஒட்சிசன், நீர் இறக்கும் ஊசி எல்லாம் வேண்டும். சில நாட்களில் வீக்கம் வற்றி வீட்டுக்குப் போவார். இரண்டு மாதத்தில் அதே முகம் மறுபடி வாசலில் நிற்கும். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையில் 150 கட்டில்கள். சுற்றியுள்ள எத்தனை தோட்டங்களுக்கு அந்தக் கட்டில்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதற்கு மேலான இருதயச் சிகிச்சைக்குக் கண்டிக்கு இறங்க வேண்டும்.

ஏன் திரும்பி வருகிறார்கள்? இரவு வேலையில், விளக்கை அணைத்தபின், நோயாளிகளே சொல்லுவார்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசும் வேண்டும். மருந்து முடிந்தாலும் அடுத்த சம்பளம் வரை பொறுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, பெண்கள் மட்டும் மெதுவாகச் சொல்வது. காலையில் நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். கொழுந்து மலையில் கழிப்பறை எங்கே இருக்கிறது? அதனால் வேலை நாட்களில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்து பின்னேரம் வீட்டில் போடலாமா என்று வைத்தியரிடம் கேட்டால் பலருக்கு நேரத்தை மாற்றித் தருவார். கேட்கத் துணிவு வேண்டும், கேட்க வைக்க ஓர் ஆள் வேண்டும். 'மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை' என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிடுவதால் எந்தப் பயனும் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் உள்ள கதையல்ல. திருவனந்தபுரத்தில் 2013இல் இந்த நோயுடன் வைத்தியசாலைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 31 சதவீதமானோர் இறந்துவிட்டார்கள். பலருக்கு வீட்டுக்கு அனுப்பும்போதே தேவையான மருந்துகள் முழுமையாகக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. 2022இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு 14 நாடுகளில் நடந்தது. வீட்டுக்குப் போன பின் முதல் ஆறு வாரத்துக்குள் அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்து, மருந்தின் அளவை வேகமாகக் கூட்டினார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் மறுபடி வைத்தியசாலையில் சேர்ந்தவர்களும் அந்தக் குழுவில் 15 சதவீதம். வழக்கமான கவனிப்புப் பெற்ற குழுவில் 23 சதவீதம். அங்கே உதவியது புதிய இயந்திரம் அல்ல, பழைய மருந்துகளும் அடிக்கடி நடந்த சந்திப்புகளும்தான்.

இனித் தராசுக்கு வருகிறேன். தோட்டத்தில் பறித்த கொழுந்தை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை நிறுக்கிறோம். பறித்தவளை யாரும் நிறுப்பதில்லை. இந்த நோயில் கால் வீங்குவதற்கு முன்பே உடல் நிறை கூடத் தொடங்கிவிடும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடுப்புடன் நிறுத்து ஒரு கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றே கிட்டவுள்ள வைத்தியசாலைக்குப் போனால், பல வேளைகளில் மாத்திரை அளவை மாற்றுவதுடன் காரியம் முடிந்துவிடும். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்சுக்குக் கட்டணம் இல்லை.

நிறை பார்க்கும் தராசு எல்லா லயன் வீட்டிலும் இராது. ஆனால் டிவிசனுக்கு டிவிசன் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. குழந்தைகளின் நிறையைக் குறித்துப் பழகிய ஒரு பெண்ணும் அங்கே இருக்கிறாள். பெரியவர்கள் ஏறி நிற்கும் தராசு ஒன்றை அங்கே வைத்தால், பிரட்டுக்குப் போகும் வழியில் இரண்டு நிமிட வேலை.

மறுவாழ்வுப் பயிற்சி என்றால் கண்ணாடி போட்ட அறையும் ஓடும் இயந்திரமும் என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவில் 216 நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வீட்டிலேயே நடைப் பயிற்சியும் நாற்காலிப் பயிற்சியும் கற்றுக்கொடுத்து, தாதியர் கூடவிருந்து பார்த்தார்கள். நாளாந்த வாழ்க்கை இலேசானது என்று அவர்கள் சொன்னார்கள். நமக்குத் தோட்டத்து றோட்டு இருக்கிறது. நோய் கட்டுக்குள் வந்தபின் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, சமதரையில், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டு போக முடிகிற வேகத்தில் நடக்கலாம். பேச்சு நின்றால் நடையும் நிற்க வேண்டும். மலைப்படி பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டாருக்கு ஒரு வார்த்தை: கருவாட்டையும் சம்பலில் போடும் உப்பையும் குறையுங்கள். ரொட்டி மாவிலும் உப்பு இருக்கிறது என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். இயந்திரத்துக்குச் சேர்த்த பணத்தில் தராசுகளும், தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்ட நிறைக் கொப்பிகளும் வாங்குவோம். வீட்டுக்கு அனுப்பும்போது வீக்கம் வற்றிய நிறையையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பி வரும் திகதியையும் அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் விடுதியிலேயே எழுதித் தரும்படி வைத்தியசாலைகளைக் கேட்போம். மிச்சப் பணத்தை அந்த முதல் கிளினிக்குக்கான பஸ் காசாக வைப்போம். பிள்ளைக் காம்பராக்களில் வேலை செய்யும் தங்கைமார் மூவர் இந்தச் சபையில் இருப்பதாக அறிகிறேன். தேநீர் இடைவேளையில் அவர்கள் என்னை வந்து சந்தித்தால், முதலாவது தராசை எந்தத் தோட்டத்தில் வைப்பது என்று இன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.