வியர்வை காய வேண்டும்



1774ஆம் ஆண்டு. லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், அடுப்பு மூட்டிச் சூடேற்றிய ஓர் அறைக்குள் நுழைந்தார். உள்ளே வெப்பம் 260 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் ஏறக்குறைய 127 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கும் மேலே! அங்கே வைத்த முட்டை இருபது நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிட்டது. மாட்டிறைச்சித் துண்டும் வெந்தது. சில நிமிடங்கள் நின்ற பிளாக்டனோ, நலமாக வெளியே வந்தார்.

முட்டைக்கு வியர்க்காது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி. உடல் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது அதன் வேலை. சூடு ஏறினால் தோலுக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும், வியர்க்க வைக்கும். குளிர்ந்தால் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், நடுங்க வைக்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் காய்ந்தால் உடலிலிருந்து போகும் வெப்பம் சுமார் 580 கிலோகலோரி. பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 88 டிகிரிக்கு ஏற்ற அது போதும்.

ஆனால் வியர்வை காய வேண்டும். சொட்டி விழுந்தால் தண்ணீர்தான் வீண்; உடல் குளிராது. பிளாக்டனைக் காப்பாற்றியது அந்த அறையின் வறண்ட காற்று. "மதுரையில் 40 டிகிரியைத் தாங்கினேன், சென்னையில் 35 டிகிரி தாங்கவில்லை" என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்தவில்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, வியர்வை எங்கே காயும்? 35 டிகிரி வெப்பத்தோடு ஈரப்பதமும் நூறு சதவீதமாகிவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆளுக்குக்கூட சில மணி நேரத்தில் உயிராபத்து.

இன்னொன்று. காய்ச்சல் வேறு, வெப்ப வாதம் வேறு. காய்ச்சலில் ஹைப்போதலாமஸே தான் காக்கும் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் குளிர் எடுக்கிறது. பாராசிட்டமால் அந்த அளவை இறக்கும். வெப்ப வாதத்தில் அந்த அளவு உயரவில்லை. வெப்பத்தை வெளியேற்ற உடலால் முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை.

ஆகவே, வெயிலில் வேலை பார்த்தவர் உளறினாலோ மயங்கினாலோ மாத்திரையைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். முதல் வேலையாக ஒருவர் 108 ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.