கன்றுக்குக் காவல் தாய்ப்பசு

(தெரணியகலையில் மாடு வளர்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்வெட்டியும் கொழுந்து கொய்தும் இந்நாட்டைச் செழிக்கச் செய்த நம்மில் பலருக்கு, சொந்தமென்று சொல்ல ஒரு முழக் காணியில்லை. லயத்தின் பின்னே கட்டியிருக்கும் ஒற்றைப் பசுவே நமது சொத்து. அப்பசு ஈன்ற கன்று, பத்தாம் நாளில் கழிந்து கழிந்து மடியுமானால், அதை விதியென்று விட்டுவிடலாமா?

விதியன்று, வைரஸ் கிருமி! 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மீபஸ் என்பாரும் அவர் குழுவினரும் கன்றுக் கழிச்சலுக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தனர். ரோட்டா வைரஸ் என்று இன்று வழங்குவது அதுவே. நம் குழந்தைகளை வாட்டும் வயிற்றோட்டக் கிருமியும் அவ்வினத்தையே சேர்ந்தது.

மனிதத் தாய் தன் நோயெதிர்ப்புப் பொருளைக் கருவிலேயே பிள்ளைக்கு அளித்துவிடுகிறாள். இலங்கையில் 1969 முதல் கருவுற்ற தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றப்பட்டு வருவது இதனாலன்றோ? பசுவுக்கோ அவ்வழி அடைபட்டுள்ளது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பால் ஒன்றே அதற்குத் தாய் தரும் சீதனம்.

ஆகவேதான் சினைப்பசுவுக்கு ஊசி போடுகிறார்கள். ஈனுவதற்கு ஏறக்குறைய 12 வாரம் முதல் 3 வாரம் முன்பு வரை அதற்குரிய காலம். மருந்துக்கு மருந்து இது மாறும், வைத்தியர் சொற்படி நடக்க வேண்டும். ஊசியின் பயன் சீம்பாலில் இறங்குகிறது. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லீற்றர், முதல் 6 மணி நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குடற்சுவர் அப்பொருளை இரத்தத்துள் விடாது.

நாமோ என்ன செய்கிறோம்? நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடாதவர் நம்மிடையே உண்டு. சீம்பாலைக் காய்ச்சிச் சர்க்கரையிட்டு அயல்வீடுகளுக்குக் கொடுப்பவரும் உண்டு. உறவு வளர்க்கும் அவ்வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. கன்றின் வயிறு நிறைந்தபின் மீதியைக் கொடுப்போம். முதலிரு வாரங்களிலும் தாய்ப்பாலைக் கன்றுக்குக் குறைவின்றி விடுவோம். அது குடலிலேயே நின்று கிருமியை எதிர்க்கும். ஈரத்தரையிலே கன்றைக் கட்டிவிட்டு ஊசியைக் குறைசொல்வதும் முறையன்று.

இச்சபையிலுள்ள வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. இம்மருந்துக் குப்பிகள் பல, பல மாடுகளுக்கு அளவானவை. பண்ணை முதலாளிக்கு அது பொருந்தும். ஒற்றைப் பசுக்காரன் என் செய்வான்? லயம் லயமாகச் சினைப்பசுக்களையும் அவற்றின் சினை மாதத்தையும் நாம் எழுதித் தருகிறோம். ஒரே நாளில் ஒரே குப்பியிலிருந்து போட நீங்கள் வழிசெய்யுங்கள். அந்தப் பட்டியலைக் கொடுத்து, மருந்தைத் தருவித்துத் தருமாறு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தைக் கேட்போம். வருகிற ஞாயிறன்றே எழுதத் தொடங்குவோம்.