தரையில் இருந்தே விமானம் இறக்கப் பழகுதல்

பால் வெட்டுக்குப் புதிதாக வருபவரை முதல் நாளே நல்ல நிரையில் யாரும் விடுவதில்லை. இது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மறுநடவுக்காகச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களைக் காட்டி, "இதிலே கத்தி பிடித்துப் பழகு" என்பார்கள். பட்டையை மீறிக் கத்தி உள்ளே இறங்கினால் மரம் காயப்படும். காயம் ஆறினாலும் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடும்; பிறகு அங்கே கத்தி ஓடாது. கிழட்டு மரத்தில் எத்தனை காயம் போட்டாலும் நட்டமில்லை.

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கும் அப்படி ஒரு கிழட்டு மரம் உண்டு. சிமுலேட்டர் என்பது அதன் பெயர். நாம் இன்றைக்குப் பாவனை விமானம் என்று சொல்லிக்கொள்வோம்.

முதலில் பாவனை விமானம் இல்லாத காலத்துக் கதை ஒன்று. நம்மவர்கள் சிங்கப்பூருக்குப் போனால் தேக்கா சந்தையையும் சிராங்கூன் சாலைக் கோயில்களையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தச் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் சாலை ஓடுகிறது. இன்று அங்கே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள்தாம் கண்ணில் படும். ஆனால் பெயரே சொல்வதுபோல, 1933 வரையில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது அந்த ஃபேரர் பார்க் பகுதியில்தான். சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்ததும் அங்கேதான். 1911 மார்ச் மாதம் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் பறந்து காட்டினார்.

அதைவிடப் பெரிய சங்கதி 1919 டிசம்பர் 4-ஆம் தேதி நடந்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகப் பறந்து போன ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற அண்ணன் தம்பியும், பென்னட், ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளும் தங்கள் விக்கர்ஸ் விமி விமானத்தை அந்தப் பந்தயத் திடலில் இறக்க வேண்டியிருந்தது. திடலோ சிறியது, விமானமோ பெரியது. ஓடி நிற்க இடம் போதாது. ஒத்திகை பார்க்க வழியும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தில் பென்னட் தம் இடத்தை விட்டு வெளியே வந்து, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிக்கொண்டே வால் பகுதிக்குப் போனார். அவருடைய கனத்தால் வால் சட்டென்று தரையில் அழுந்தியது. தரை தொட்டபின் சுமார் நூறு கஜ தூரத்திலேயே விமானம் நின்றுவிட்டது!

நால்வரும் பிழைத்தார்கள், பரிசும் வாங்கினார்கள். ஆனால் 180 பேரை ஏற்றிக்கொண்டு வருகிற விமானத்தில் இப்படியெல்லாம் செய்து பார்க்க முடியுமா?

பாவனை விமானத்தைப் பிறப்பித்தவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர். அவருடைய தந்தையார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை எடுத்து, ஒரு மரப்பெட்டிக்குக் கீழே பொருத்தி, உள்ளே உட்கார்ந்தவர் பிடியை அசைத்தால் பெட்டி சாயவும் திரும்பவும் செய்வதுபோல் 1929-இல் அவர் அமைத்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்களில் விளையாட்டுச் சாமானாகத்தான் வாங்கினார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையை ஏற்று, மழையிலும் மூட்டத்திலும் பறக்கத் தெரியாமல் ஒருவர்பின் ஒருவராக மாண்டார்கள். அதன் பிறகுதான் ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டிகளில் பழகிவிட்டார்கள்.

இன்றைய பாவனை விமானம் ஒரு சிறு வீட்டின் அளவு இருக்கும். உள்ளே விமானியின் அறை அப்படியே உண்மையானது. ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்யும். சன்னலுக்கு வெளியே வளைந்த கண்ணாடியில் ஓடுபாதை வெகுதூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அறை முழுவதும் 6 கால்களின்மேல் நிற்கிறது. அந்தக் கால்கள் நீண்டும் குறுகியும் அறையை எந்தப் பக்கமும் சாய்க்கும். "நின்ற இடத்திலேயே நிற்கிற அறை வேகமாக ஓடுவதுபோல் எப்படித் தோன்றும்?" என்று என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. லாரி திடீரென்று புறப்பட்டால் முதுகு பின்னுக்குத் தள்ளப்படுகிறதல்லவா? அறையை மெல்லப் பின்பக்கம் சாய்த்தாலும், உங்கள் உடம்பின் கனமே முதுகை இருக்கையில் அழுத்தும். வெளியே காட்சியும் ஓடிக்கொண்டிருந்தால், சாய்வையும் வேகத்தையும் நம் உட்காதால் பிரித்தறிய முடியாது. பிரேக் போட்டதாகக் காட்ட முன்பக்கம் சாய்த்தால் போதும்.

சிங்கப்பூரில் இவ்வகைப் பயிற்சிக்குப் பெரிய இடங்கள் உண்டு. ஏர்பஸ் நிறுவனமும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேர்ந்து 2016-இல் சிலேத்தாரில் ஒரு பயிற்சி நிலையம் திறந்தன. நேயர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒரு செய்தியைச் சொல்கிறேன். அனுபவமுள்ள ஒரு விமானி வேறு வகை விமானத்துக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் பாவனை விமானத்திலேயே முடித்துவிடலாம். உண்மையான விமானத்தை அவர் முதன்முதலாகத் தரையிறக்கும்போது பின்னால் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் பயிற்சி தரும் மூத்த விமானி இருப்பார் என்பது மெய்தான். ஆனாலும் பாவனை எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த ஒரு பையன், பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளை, இன்று சிங்கப்பூரில் பாவனை விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளனாக இருக்கிறான். பள்ளி விடுமுறையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூவரைப் பெற்றோர் சம்மதத்துடன் அழைத்துக்கொண்டு போனேன். பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பழகிப் பார்க்கும் பாவனை விமானம் ஒன்றுக்கு அவன் எங்களைக் கூட்டிப் போனான். அது கால்கள் இல்லாத, அசையாத வகை. என்னை இடப்பக்கத்துத் தலைமை இருக்கையில் உட்கார வைத்து, அவன் வலப்பக்கம் உட்கார்ந்தான். பிள்ளைகள் பின்னால் நின்றார்கள்.

எதிரே சாங்கி விமான நிலையம். 4,000 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள ஓடுபாதை, மேலிருந்து பார்த்தால் ஒரு ரிப்பன் துண்டுபோல் கிடந்தது. விமானம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். அதாவது 1 கிலோமீட்டர் முன்னே போகும்போது 52 மீட்டர் கீழே வர வேண்டும். சரிவு சரிதானா என்று காட்ட ஓடுபாதை ஓரத்தில் 4 விளக்குகள் உண்டு. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரி. எல்லாம் வெள்ளையானால் அதிக உயரம். எல்லாம் சிவப்பானால் ஆபத்தான தாழ்வு.

இந்தச் சரிவில் விமானம் விநாடிக்கு ஏறத்தாழ 12 அடி இறங்குகிறது. அப்படியே தரையில் மோதினால் விமானம் சேதப்படலாம். ஆகவே 20, 30 அடி உயரத்தில் மூக்கை இரண்டு மூன்று பாகை மட்டும் உயர்த்தி, விசையைக் குறைத்து, விநாடிக்கு இரண்டு மூன்று அடியாக இறக்கத்தைத் தணிக்க வேண்டும். இதற்குக் கிடைக்கும் நேரம் சில விநாடிகள். "ஐம்பது, நாற்பது, முப்பது" என்று விமானமே ஆங்கிலத்தில் உயரத்தைச் சொல்லிக்கொண்டு வரும்.

முதல் தடவை என் கண் மூக்குக்கு நேர் கீழே ஓடுகிற தரையிலேயே ஒட்டிக்கொண்டது. பிடியை இழுக்க மறந்தேன். தடாலென்று விழுந்தது. இரண்டாம் தடவை பயத்தில் முன்கூட்டியே இழுத்துவிட்டேன். விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போயிற்று. அந்த வேகத்தில் ஒரு விநாடி மிதந்தால் 70 மீட்டர் ஓடுபாதை பின்னால் போய்விடும்; எங்கள் பள்ளித் திடல் முழுவதும் ஒரு விநாடியில்!

"டீச்சர், கிட்டத் தரையைப் பார்க்காதீங்க. ஓடுபாதையோட கடைசி முனையைப் பாருங்க. அது கண்ணுக்கு நேரே எழும்பி வர்றது தெரியும், அப்ப கை தானா அளவாப் போகும்" என்றான். நான் வகுப்பில் அவனுக்குக் கோடு போடக் கற்றுத் தந்தபோது, பேனா முனையைப் பார்க்காதே, கோடு முடியும் புள்ளியைப் பார் என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் தடவை அவன் நீளம் குறைந்த வேறொரு ஓடுபாதையையும் மழையையும் வைத்தான். நான் உயரமாக வந்துவிட்டேன். 3 விளக்கு வெள்ளை; பிறகு நான்கும் வெள்ளை. அவன் மெதுவாக, "டீச்சர்... மேலே போயிடலாமா?" என்றான். பிள்ளைகள் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னிரண்டும் கெட்டுவிட்டன. இதையாவது இறக்கிவிட வேண்டும் என்ற வீறாப்பு எனக்கு. காதில் விழாததுபோல் இறக்கினேன். இந்தத் தடவை தரை தொட்டது மெத்தென்று, பூப்போல! ஆனால் பாதி ஓடுபாதை போய்விட்டிருந்தது. பிரேக்கை முழுவதும் மிதித்தும் நிற்காமல் முனையைத் தாண்டிப் புல்லுக்குள் ஓடித் திரை இருண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஏன் என்று பிறகு சொன்னான். 2010 மே 22-ஆம் தேதி துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானத்தைப் பலர் மறந்திருப்பீர்கள். குன்றின் உச்சியைச் சமப்படுத்திக் கட்டிய ஓடுபாதை அது. நீளம் 8,033 அடி. விமானம் உயரமாக வந்தது. துணை விமானி மூன்று தடவை, இறங்க வேண்டாம், மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. ஏறத்தாழ 5,200 அடி தாண்டியே சக்கரம் தரையைத் தொட்டது. 166 பேரில் 158 பேர் மாண்டார்கள். வளைகுடா நாட்டு வேலையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த உழைப்பாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் அதில் இருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டிலும் மழையில் நெடுந்தூரம் தாண்டி இறங்கிய விமானத்தில் 21 உயிர்கள் போயின.

மெத்தென்று இறங்குவது பயணிகளுக்குப் பிடிக்கும், கைதட்டக்கூடச் செய்வார்கள். ஈரமான ஓடுபாதையிலோ கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தண்ணீரைக் கிழித்துச் சக்கரம் தரையைப் பிடித்தால்தானே பிரேக் வேலை செய்யும்? அடுத்த முறை விமானம் 'டக்'கென்று இறங்கினால் ஓட்டியவரைத் திட்டுமுன் வெளியே மழை பெய்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கு என்னைக் குடைந்தது வேறொரு விஷயம். இடறு வருவது அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் "போயிடலாமா?" என்று கெஞ்சலாகக் கேட்டானே தவிர, "போங்கள்" என்று சொல்லவில்லை. காரணம், நான் அவனுடைய டீச்சர். பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று முதல் வகுப்பிலிருந்து சொல்லி வளர்த்தவளே நான்தான். இன்றைய பாவனை விமானங்களில் துணை விமானிகளுக்கு இதையும் சேர்த்தே பழக்குகிறார்கள் என்று அவன் சொன்னான்: முதலில் சொல், கேட்காவிட்டால் உரக்கச் சொல், அப்போதும் கேட்காவிட்டால் பிடியை நீயே வாங்கு. மூத்தவரையும் அதைக் கேட்டுப் பணியப் பழக்குகிறார்கள்.

"அப்படியானால் என்னிடம் ஏன் கத்தவில்லை?" என்றேன்.

"உங்ககிட்டயா டீச்சர்?" என்று தலையைச் சொறிந்தான்.

நான்காம் தடவையும் அதே மழை, அதே ஓடுபாதை. மறுபடி உயரமாகவே வந்தேன். விளக்கு மூன்று வெள்ளையாக மாறியது. அவன் வாயைத் திறக்குமுன், பின்னாலிருந்து எங்கள் மாணவி, பன்னிரண்டு வயதுக்காரி, "டீச்சர், மேலே! மேலே போங்க!" என்று கத்தினாள். நெம்புகோலை முன்னால் தள்ளினேன். இயந்திரம் உறுமியது, ஓடுபாதை எங்களுக்குக் கீழே நழுவிப் போய், திரை முழுவதும் சாம்பல் நிற மேகமானது. சுற்றி வந்து இன்னொரு தடவை இறக்கலாம் என்று பார்த்தால், நாங்கள் கட்டிய நேரம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் சாலையில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், பென்னட் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நூறு கஜம் என்றால் எவ்வளவு என்று கேட்டார்கள். நடைபாதையோரமாக நடந்தே அளந்தோம். அந்தப் பெண்தான் எண்ணினாள். அவளுடைய காலடிக்கு 153 வந்தது.