அறிவிப்பாளரின் ஒரு வாக்கியம்

சென்னை வானொலியில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்றாகப் பழகியிருக்கும். பாட்டு தொடங்குமுன் அறிவிப்பாளர் நிதானமாகச் சொல்வார்: தியாகராஜர் கிருதி, ரீதிகௌளை ராகம், ஆதி தாளம். கச்சேரி முடிந்ததும் பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் என்று ஒவ்வொருவர் பெயரும் வரும். 1938 ஜூன் 16ஆம் தேதி எழும்பூரில் தொடங்கிய நிலையம் 1954இல் மயிலாப்பூர்க் கடற்கரையோரம் குடிபெயர்ந்தது. இடம் மாறினாலும் அந்த வாக்கியம் மாறவில்லை.

கேட்பதற்குச் சாதாரணமான அறிவிப்புதான். ஆனால் ஒரு பாட்டைத் தேடவும், அதன் உறவுக்காரப் பாட்டுகளைக் கண்டுபிடிக்கவும் தேவையான அத்தனை விவரமும் அதற்குள் இருக்கிறது. இன்று கைப்பேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பெரும்பாலான திரைகளில் காணோம்.

எங்கே தொலைந்தது அது?

1996இல் எம்பி3 கோப்புகளுக்குள் பாட்டின் விவரத்தை எழுதிவைக்க ஓர் ஏற்பாடு வந்தது. ஐடி3 என்று பெயர். கோப்பின் கடைசியில் வெறும் 128 பைட் இடம். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, இசை வகைக்கு ஒரே ஓர் எண். செம்பை வைத்தியநாத பாகவதரின் பெயரை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் முறைப்படி எழுதினால், இடைவெளியையும் சேர்த்து 31 எழுத்து வரும். அந்தப் பெட்டிக்குள் பாகவதரின் கடைசி எழுத்துக்கு இடம் கிடையாது.

இசை வகைப் பட்டியல் இன்னும் குறுகல். தொடக்கத்தில் 80 வகைகள்தான். ஐரோப்பிய நாட்டுப்புற ஆட்டமான போல்காவுக்கு அதில் தனி எண் உண்டு. கர்நாடக இசைக்கு இல்லை. கச்சேரிப் பதிவை 'இனக்குழு இசை', 'மற்றவை' போன்ற பொதுவான மூட்டை ஒன்றில்தான் போட வேண்டியிருந்தது.

2001இல் ஐபாட் வந்தது. சக்கரத்தைச் சுழற்றினால் ஆயிரம் பாட்டு விரலுக்கு அகப்பட்டது. அது பெரிய சாதனைதான். ஆனால் கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று படிக்கட்டு அமெரிக்க இசைத்தட்டுக் கடையின் அலமாரியைப் பார்த்துக் கட்டியது. பின்னால் வந்த செயலிகள் பலவும் அதே படிக்கட்டில்தான் ஏறின. மயிலாப்பூர் ரசிகர் பாட்டைத் தேடும் வழி வேறு. இன்று மனசுக்குத் தோடி வேண்டும் என்பார். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளை வரிசையாகக் கேட்க வேண்டும் என்பார். இந்தக் கிருதியை ஜி.என்.பி. எப்படிப் பாடியிருக்கிறார், எம்.டி.ஆர். எப்படிப் பாடியிருக்கிறார் என்று அருகருகே வைத்துப் பார்க்க ஆசைப்படுவார். ராகம், பக்கவாத்தியம், சாகித்யகர்த்தா என்று அவர் தட்டும் கதவுகளே வேறு.

சினிமாப் பாட்டு ரசிகர்களுக்கும் இதே குறைதான். தமிழர்கள் பாட்டைப் படத்தின் பெயரால் நினைவு வைப்பார்கள், இசையமைப்பாளரால் பிரிப்பார்கள், கவிஞரைச் சொல்லி உருகுவார்கள். தியாகராய நகரில் கண்ணதாசன் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. செயலியில் பாட்டெழுதியவர் பெயரைக் கொண்டு தேடுகிறவருக்கு அந்த மரியாதை எப்போதும் கிடைப்பதில்லை. பாடியவரையும் இசையமைத்தவரையும் ஒரே 'கலைஞர்' கட்டத்தில் அடைத்துவிட்டுக் கவிஞரை வெளியே நிறுத்திவிடுகிற திரைகள் ஏராளம்.

பெயர் எழுதுவதிலும் சிக்கல் உண்டு. ரீதிகௌளையை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். தேடல் பெட்டி அவற்றை நாலைந்து ராகங்களாக நினைத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. தோடி என்ற பெயர் தெற்கிலும் உண்டு, வடக்கிலும் உண்டு. ஆனால் நம் தோடியின் சுரங்கள் இந்துஸ்தானி பைரவிக்கு நெருக்கம். இந்துஸ்தானி தோடியோ நம் சுபபந்துவராளிக்கு நெருக்கம். பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்க்கும் கணினி, கேட்பவரைத் தவறான வீட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறது. எழுத்து வேறானாலும் ஒன்று என்று அறிய வேண்டும். எழுத்து ஒன்றானாலும் வேறு என்று அறிய வேண்டும். இசை தெரிந்தவர் பக்கத்தில் உட்காராமல் இந்த வேலை நடக்காது.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும்? 2008இல் வந்த 'சுப்பிரமணியபுரம்' படத்தில், ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்த காதல் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அது ரீதிகௌளை. 1977இல் 'கவிக்குயில்' படத்துக்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியதும் ரீதிகௌளை. திரையில் ராகத்தின் பெயர் மட்டும் இருந்து, அதைத் தொட்டால் கதவு திறக்கும் என்றால், ஓர் இளைஞர் அந்தக் காதல் பாட்டில் தொடங்கி, பாலமுரளியின் குரல் வழியாக, தியாகராஜரின் கிருதிக்கு இரண்டே தட்டில் வந்து சேர்ந்துவிடுவார். யாரும் அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இப்படிக் கதவு வைக்கும் வேலை உலகத்தின் வேறு மூலையிலும் நடந்தது; அதற்குச் சென்னையும் தோள் கொடுத்தது. ஸ்பெயினின் பார்சலோனாவில் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம். அங்கே சேவியர் செர்ரா தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியுதவியோடு, 2011 முதல் 2017 வரை காம்ப்மியூசிக் என்ற திட்டம் நடந்தது. கர்நாடகம், இந்துஸ்தானி, துருக்கியின் மகாம், அரபு-அந்தலூசியா, சீனாவின் பீஜிங் ஆப்பரா ஆகிய ஐந்து இசை மரபுகளை அந்தந்த மரபின் கண்ணால் கணினிக்கு அறிமுகப்படுத்துவதே அதன் நோக்கம். அதில் பிறந்த இணையத் திரைக்கு துனியா என்று பெயர் வைத்தார்கள். உலகம் என்று பொருள். கர்நாடகப் பதிவுகளுக்கான ஆராய்ச்சியில், அடையாறுக்கு அருகே கிண்டிக் காட்டை ஒட்டியிருக்கும் சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு கைகோத்தது.

துனியாவில் ஒரு பதிவைத் திறந்தால் ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர் எல்லாம் தனித்தனிப் பெயராக நிற்கும். பாட்டு ஓட ஓட, குரல் ஏறி இறங்கும் வழி ஒரு கோடாகத் திரையில் நகரும். கமகத்தில் சுரம் அசைவதைக் கண்ணால் பார்க்கலாம். விவரங்களை மியூசிக்பிரெயின்ஸ் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். அங்கே பிழை கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

இதற்குப் பின்னால் இருந்த வேலை சுவையானது. ஒரு பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுவார், ஒரு பாடகி ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவார். இருவர் பாடுவதும் கல்யாணிதான். காதுக்கு அது உடனே தெரிகிறது. கணினிக்கோ எல்லா அதிர்வெண்ணும் வேறு. ஆகவே முதலில் ஆதார ஷட்ஜம் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் தம்பூராவைத் துணைக்குப் பிடித்தார்கள். கச்சேரி முழுக்கப் பின்னணியில் விடாமல் ஒலிக்கும் அந்தச் சுருதியைக் கணக்கிட்டால் 'ச' எங்கே என்று தெரிந்துவிடும். அதிலிருந்து அளந்தால் இரண்டு கல்யாணியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். பாட்டுக்கு அடித்தளமான தம்பூராவே கணினிக்கும் அடித்தளம் ஆயிற்று.

இன்னொரு சிக்கல் கச்சேரியைப் பிரிப்பது. பழைய ஒலிநாடாவில் இரண்டரை மணி நேரம் ஒரே நீளமாகக் கிடக்கும். வர்ணம் எங்கே முடிந்தது, பிரதான உருப்படி எங்கே தொடங்கியது என்று எப்படிக் காட்டுவது? சென்னை ஐஐடி குழு ரசிகர்களின் கைதட்டலைப் பிடித்துக்கொண்டது. கைதட்டல் எந்தச் சுருதியிலும் சேராத, எல்லா அதிர்வெண்ணிலும் பரவிய சத்தம். அதைக் கணினி எளிதில் அடையாளம் காணும். ஆலாபனைக்குப் பின் ஒரு தட்டல், தனி ஆவர்த்தனத்துக்குப் பின் ஒரு தட்டல், உருப்படி முடிந்ததும் ஒரு தட்டல். என்றோ ஒரு மார்கழி மாலையில் சபாவில் உட்கார்ந்து மனசாரக் கைதட்டியவர்கள், தங்களை அறியாமலே அந்தக் கச்சேரிக்கு அத்தியாயம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பெயர் தெரிந்ததைத் தேடுவது ஒரு வகை. பெயர் தெரியாமல் உலாவுவது இன்னொரு வகை. மாட வீதியில் நோக்கமில்லாமல் நடக்கிறவர் கண்ணில் எதிர்பாராத கடை படுவதுபோல, திரையிலும் உலாவ ஒரு வரைபடம் வேண்டும். 2001இல் வியன்னாவில் எலியாஸ் பாம்பால்க் என்ற ஆராய்ச்சி மாணவர் 'இசைத் தீவுகள்' என்று ஒன்றைச் செய்தார். ஒலியில் ஒத்த பாட்டுகள் அருகருகே சேர்ந்து தீவாகும். பாட்டுகள் நெருங்கிக் குவிந்த இடம் மலையாகும்.

அப்படி ஒரு வரைபடம் கர்நாடக இசைக்கு எப்போதோ வந்துவிட்டது. 72 மேளகர்த்தா ராகங்கள், சக்கரத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் அமர்ந்திருக்கின்றன. முதல் 36க்குச் சுத்த மத்தியமம், அடுத்த 36க்குப் பிரதி மத்தியமம். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறைப்படி, மேளகர்த்தா ராகத்தின் பெயரே அதன் எண்ணைச் சொல்லும். மேசகல்யாணியில் 'மே' என்றால் 5, 'ச' என்றால் 6. திருப்பிப் படித்தால் 65. அதுதான் அந்த மேளத்தின் எண். பெயருக்குள்ளேயே முகவரி! சங்கராபரணம் 29, அதோடு 36 கூட்டினால் கல்யாணி. ஒரே சுரம், மத்தியமம் மட்டும் மாறுகிறது. விரலால் சக்கரத்தைத் திருப்பி இந்த மாற்றத்தைக் காதால் கேட்கிற மாதிரி ஒரு திரை அமைந்தால், ராகம் தெரியாதவரும் ஒரு மணி நேரத்தில் நிறையக் கற்றுக்கொள்வார்.

எல்லோருக்கும் திரையே வேண்டும் என்பதும் இல்லை. 2017இல் சரிகம நிறுவனம் கார்வான் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பழைய டிரான்சிஸ்டர் தோற்றம், உள்ளே 5,000 பாட்டு, திருப்புவதற்குக் குமிழ், இணையம் தேவையில்லை. தமிழ்ப் பாட்டுகளோடும் வந்தது. கடவுச்சொல் கேட்காத, எழுத்தைச் சிறியதாகக் காட்டாத ஒரு பெட்டியைத் தாத்தா பாட்டிகள் ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். வடிவமைப்பவர்களுக்கு அது நல்ல பாடம். கேட்பவரின் கையையும் கண்ணையும் பழக்கத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் விவரம் இல்லையென்றால் பயனில்லை. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய முதல் இசைத்தட்டுகளில், பாட்டின் முடிவில் அவரே தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். தட்டு அச்சாகப் போவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியது யாரென்று தெரிய வேண்டுமல்லவா? 120 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கவனம் இன்றைக்கும் வேண்டும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பாதுகாப்பாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் படம் பார்க்கப் போனவர்கள் சில காசுக்கு வாங்கி வந்த மெல்லிய புத்தகங்களில் பாட்டெழுதியவர் யார், இசை யார் என்ற செய்தி கிடைக்கிறது. மியூசிக் அகாடமியிலும் பழைய கச்சேரிகளைத் தொடுதிரையில் தேர்ந்தெடுத்துக் கேட்கும் ஆவணக்காப்பகம் அமைந்தது. நிறுவனங்கள் தங்கள் பங்கைச் செய்கின்றன.

மீதி, வீடுகளில் இருக்கிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் எத்தனையோ பரண்களில் கேசட்டுகளும் ஸ்பூல் நாடாக்களும் தூங்குகின்றன. அட்டையின் ஓரத்தில் பேனாவால் எழுதிய பாடகரின் முன்னெழுத்து, ஒரு ராகம், ஒரு வருஷம் மட்டும் இருக்கும். பேரப்பிள்ளை அதைக் கணினிக்கு மாற்றும்போது அட்டை குப்பைக்குப் போகிறது, கோப்புக்கு 'டிராக் 1' என்று பெயர் வருகிறது. பாட்டு பிழைத்துக்கொள்கிறது, அதன் அடையாளம் போய்விடுகிறது.

நேயர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். ஒலியை மாற்றும் முன் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர், வயலின், மிருதங்கம், ராகம், தாளம், இயற்றியவர், எந்த சபா, எந்தத் தேதி என்ற எட்டு விவரத்தையும் கோப்போடு சேர்த்து எழுதுங்கள். தெரியாததை வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். அந்தக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவராகவே இருக்கலாம். செயலி நடத்துகிறவர்களுக்கும் எழுதுங்கள்: ராகத்துக்கு ஒரு கட்டம், தாளத்துக்கு ஒரு கட்டம், கவிஞருக்கு ஒரு கட்டம், பக்கவாத்தியத்துக்கு ஒரு கட்டம் கேளுங்கள். வானொலி அறிவிப்பாளர் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவரும் அந்த வாக்கியத்தை எழுத அவ்வளவு இடம் போதும்.