நூலகத்தின் செவி: ஊடகக் கண்காணிப்பும் தமிழ் வாசகர் குரலும்



ஒரு நூலகத்தைப் பற்றி மக்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பதை முற்காலத்தில் கருத்தேடுகளும் பத்திரிகை நறுக்குகளும் உணர்த்தின. இன்று அப்பணியை ஊடகக் கண்காணிப்புக் கருவிகள் ஏற்றுள்ளன. நாம் கொடுக்கும் தேடுசொற்களைச் செய்தித் தளங்களிலும் சமூக ஊடகங்களிலும் தேடி, எத்தனை முறை பேசப்பட்டோம், அது பாராட்டா, குறையா எனக் கணக்கிட்டுத் தருகின்றன. அந்தக் கணக்கை எவ்வாறு படிப்பது, அதில் தமிழ் வாசகரின் குரல் இடம்பெறுகிறதா என்னும் இரண்டு வினாக்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதல் வினாவுக்குச் சிங்கப்பூரின் வரலாறே விடை தருகிறது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960-இல் திறக்கப்பட்ட செங்கல் நூலகம், ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்காக இடிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, எதிர்ப்புக் கடிதங்கள் நாளிதழ்களில் வெளிவந்தன. 2004-இல் அந்நூலகம் மூடப்பட்டது; பின்னர் இடிக்கப்பட்டது. இன்றைய கருவி அன்று இருந்திருந்தால், அக்கடிதங்களை 'எதிர்மறை' என்ற பெட்டியில் இட்டிருக்கும். உண்மையில் அவை அன்பின் வெளிப்பாடு. தமக்கு உரியதென்று கருதும் ஒன்றுக்காகவே மக்கள் வருந்துவார்கள். ஆகவே, கண்டனம் மிகுந்த மாதத்தைக் கண்டு ஒரு நூலகம் அஞ்ச வேண்டியதில்லை; எவரும் எதுவும் பேசாத மாதத்தைக் கண்டே கவலைகொள்ள வேண்டும்.

ஆனால், அந்த மௌனம் மெய்யானதுதானா? இங்கேதான் இரண்டாம் வினா எழுகிறது. 'நூலகம்' என்ற சொல்லைக் கொடுத்து, எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் கருவியைத் தேடச் சொன்னால், 'நூலகத்தில்', 'நூலகத்திற்கு', 'நூலகத்தை' ஆகியவற்றை அது காணாது. 'நூலகமும்' என்பதைக்கூடத் தவறவிடும். ஏனெனில் அங்கே மகரத்தின் புள்ளி மறைந்து உகரம் ஏறிவிடுகிறது. வேற்றுமை உருபின்றித் தமிழர் எத்தனை வாக்கியம் பேசுவோம்? 'நூல் நிலையம்' என எழுதும் முதியவரும், 'லைப்ரரி' என எழுதும் இளையரும், ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டச்சு செய்வோரும் விடுபடுவர். வானொலியில் அழைத்துப் பேசும் நேயரின் குரல் எழுத்துத் தேடலில் சிக்குவதே இல்லை. விளைவாக, அறிக்கையில் தமிழ் வரிசை ஏறத்தாழ வெறுமையாகத் தோன்றும். தமிழ் நூல்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஆர்வம் குறைவு என்று அதைப் படிப்பவர் முடிவு செய்தால், கருவியின் செவிட்டுத்தன்மை நம்முடைய குறையாகிவிடும்.

தீர்வு எளியதே. 'நூலக' என்ற அடிப்பகுதியைக் கொண்டு தேடுக. வழக்கிலுள்ள பிற சொற்களையும் எழுத்து வடிவங்களையும் பட்டியலில் சேர்க்க. கருவி திரட்டியவற்றுள் ஒரு பகுதியையேனும் தமிழறிந்த நூலகர் ஒருவர் படிக்க. 'பரவாயில்லை' என்பது மெச்சுதலா, சலிப்பா என்பதை மனிதரே அறிவர்.

1953-இல் லீ கொங் சியான் 375,000 வெள்ளி நன்கொடை அளித்தபோது, நூலகம் கட்டணமின்றி அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும், மக்களின் தாய்மொழிகளையும் அது பேண வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அலமாரிக்குப் பொருந்திய அந்த நிபந்தனை, இன்று நூலகத்தின் செவிக்கும் பொருந்தும். நூலகத்தைப் பற்றி நாமும் தமிழில் எழுதுவோம். அது கேட்கப்படுகிறதா என்றும் கேட்போம்.